முதல் கடிக்கு எத்தனை நொடி

அந்தக் குடும்பத்து ஆண்களுக்கு வாய் திறப்பதற்கு முன்பே கை நீண்டுவிடும். தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான். தாத்தாவும் அவர் தம்பியும் ஒரே சுவருக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் குடியிருந்தார்கள். பொதுக் கதவை யார் சாத்துவது என்று ஒரு மத்தியானம் வாய்த்தகராறு வந்தது. தாத்தா தாழ்ப்பாளைப் பிடுங்கித் தம்பியின் தாடையில் இறக்கினார். சின்னத் தாத்தா அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் இருந்தார். ஒரு நாளும் எதையும் மென்று தின்றதில்லை; எல்லாம் கரைத்துக் குடித்ததுதான்.

தாத்தாவுக்கு இரண்டு மகன், ஒரு மகள். மூத்தவர் தச்சர். சொந்த மச்சானின் தொடையில் உளியைச் செருகினார். மச்சான் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார், செருகியவர் சிறையிலேயே கண்ணை மூடினார். இளையவர் வெளியில் ஒரு ஈ எறும்பைக்கூடத் தொடமாட்டார், தெருவில் நல்ல பெயர். கதவைச் சாத்தினால் வேறு ஆள். பால் பொங்கி வழிந்துவிட்டது என்று ஒரு காலையில் அவர் அடித்த அடியில் மனைவியின் முன்பல் நான்கும் ஒன்றாக வந்து அடுப்படியில் விழுந்தன. அவருக்கு மூன்று மகன்கள். பெரியவன் இருபத்து நான்கு வயதில் பேருந்து நிலையத்தில் கத்திக்குத்தில் செத்தான்; முதலில் கத்தியை எடுத்தது அவன்தான். கடைசி மகனை அம்மாவின் தங்கை எடுத்து வளர்த்தாள். அவன் யாரையும் அடித்ததில்லை. அதனால் அவனைப் பற்றி யாரும் பேசுவதுமில்லை.

நடு மகனைத்தான் பிற்காலத்தில் எலிக்காரர் என்று கூப்பிட்டார்கள்.

அவர் அப்போது மரம் அறுக்கும் பட்டறையில் இருந்தார். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை, நாலு வயது. பலகை அளக்கும் நாடாவைக் குழந்தை எடுத்து இழுத்து இழுத்து விளையாடியது. இரும்பு நாடா சுருண்டு ஒடிந்தது. அவ்வளவுதான் நடந்தது. அவர் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார். பட்டறையில் நாள் முழுக்க அவர் கேட்கிற சத்தம்தான், காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம். இந்தத் தடவை அது அவர் கைக்குள்ளிருந்து வந்தது.

ஆஸ்பத்திரியில் மனைவி சொன்னாள், "படியில விழுந்துட்டா டாக்டர்." அந்த வீட்டுக்குப் படியே கிடையாது. கட்டுப் போட்டு முடித்து வந்த சாயங்காலமே அவர் ஒரு பையோடு கிளம்பிவிட்டார். மனைவி தடுக்கவில்லை. ஒரு மாசம் போவதற்குள் பட்டறையில் கூட வேலை பார்த்தவன் ஏதோ கிண்டல் செய்தான் என்று மரம் புரட்டுகிற கொக்கியால் அடித்தார். அவனுக்கு ஒரு பக்கக் காது போயிற்று. இவருக்கு மூன்று வருஷம் சிறை.

"எங்க பரம்பரை ரத்தம் அப்படி" என்று சிறையில் எல்லாரிடமும் சொன்னார். அப்படிச் சொல்லும்போது நெஞ்சில் இருக்கிற பாரம் கொஞ்சம் இறங்கியது.

வெளியே வந்தவருக்குக் கிடைத்த வேலை, ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூடத்தின் பின்கட்டில் எலிக் கூண்டு கழுவுவது. கூண்டு என்றால் கம்பிக் கூண்டு அல்ல, மூடி போட்ட கண்ணாடி மாதிரி டப்பா. அடுக்கடுக்காக நானூறு டப்பா. உள்ளே மரத்தூள், பஞ்சு, தண்ணீர்ப் புட்டி. இடது பக்க அடுக்கில் கடிவரிசை, வலது பக்க அடுக்கில் சாது வரிசை. கடிக்கிறதைக் கடிக்கிறதோடும், கடிக்காததைக் கடிக்காததோடும் பல தலைமுறை சேர்த்துச் சேர்த்து உண்டாக்கியவை. பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், அதே வெள்ளை, அதே சிவந்த கண்.

சோதனை நாளில் ஓர் ஆண் எலி தனியாக இருக்கும் டப்பாவில் வெளியிலிருந்து ஒரு எலியை இறக்குவார்கள். அதற்குக் கூடத்தில் விருந்தாளி என்று பெயர். சோதனையை நடத்தும் டாக்டரம்மா நொடிக் கடிகாரத்தைத் தட்டுவார். முதல் கடிக்கு எத்தனை நொடி? கடிவரிசை நாலு நொடி, ஆறு நொடி. பாய்ந்து முதுகைக் கவ்வி உருட்டும், தூள் பறக்கும், விருந்தாளி கீச்சென்று அலறும். சாது வரிசை ஐந்து நிமிஷம் மோந்து மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். சண்டை பிடித்துக்கொண்டால் நடுவில் கை விடக் கூடாது, விட்டால் விரல் போகும். ஒரு தகட்டை நடுவில் இறக்க வேண்டும். அது எலிக்காரர் வேலை. தகடு இறக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"உங்க குடும்பத்துல இடது அடுக்கு மட்டும்தானா அண்ணே, வலது அடுக்கே கிடையாதா?" என்று கொதிகலனில் வேலை பார்க்கிறவர் கிண்டல் செய்வார்.

"வாய மூடிட்டு உன் ஆவியப் பாரு."

சேர்ந்த புதிதில் ஒரு பெரிய தப்பு செய்தார். சிறையில் கழுவிப் பழகின கை. சாது வரிசையில் ஒரே தாய்க்குப் பிறந்த அண்ணன் தம்பிகள் நாலு நாலாகச் சேர்ந்திருக்கும் பதினோரு டப்பாவைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, பழைய பஞ்சு, தூள் ஒன்று விடாமல் கொட்டி, எல்லாவற்றையும் புத்தம் புதிதாக மாற்றி வைத்தார். மறுநாள் காலை வந்து பார்த்தால் வலது அடுக்கு முழுக்க ரத்தம். வால் துண்டாகிக் கிடக்கிறது, பின்பக்கம் கிழிந்து சதை தெரிகிறது. ஒன்பது செத்துவிட்டன. ஒரு டப்பாவில் மூன்று பிணத்தின் நடுவில் நாலாவது உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருந்தது.

வேலை போயிற்று என்று பையை எடுத்துக்கொண்டுதான் டாக்டரம்மா அறைக்குப் போனார். அந்த அம்மா அப்போது சின்ன வயசு, இவரைவிடப் பயந்த முகம்.

"சாதுதானம்மா இதெல்லாம்? எப்படி அடிச்சுக்கிச்சு?"

"ஒண்ணுக்கொண்ணு வாசனையிலதான் அண்ணே தெரியும், இவன் நம்ம ஆளுன்னு. நீங்க வாசனைய மொத்தமா கழுவிட்டீங்க. ராத்திரியோட ராத்திரியா நாலு பேரும் அந்நியன் ஆகிட்டாங்க. இனிமே பழைய பஞ்சுல ஒரு பிடி எடுத்துப் புதுசுல போடுங்க. மூத்திரம் ஊறின தூள் வேண்டாம், அது வெறிய ஏத்தும். படுத்த பஞ்சு மட்டும்."

இருபத்து மூன்று வருஷமாக அவர் அந்த ஒரு பிடியை மறந்ததில்லை.

அவருக்கு ஐம்பத்தெட்டு நடக்கும்போது, ஒரு மத்தியானம் பின்வாசல் காவலாள் வந்து, "உங்களப் பாக்க ஒரு பொண்ணு வந்திருக்கு" என்றான். முப்பது வயசு. வலது மணிக்கட்டு லேசாகக் கோணியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. நடுவில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார், அவள் அம்மாவின் சாவில், தூரத்தில் நின்று.

"நல்லா இருக்கியாம்மா?"

"நல்லா இருந்தா இங்க வருவேனாப்பா?"

அவள் தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். புருஷன் லாரி மெக்கானிக். மூன்று வயதில் ஒரு மகன். போன வாரம் அவள் வீட்டில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்த துணியைக் குழந்தை கத்தரியால் வெட்டிவிட்டது.

"கையப் புடிச்சு இழுத்தேன். இழுத்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. அப்புறம் ஒரு சத்தம் கேட்டுச்சுப்பா."

எலிக்காரருக்கு அந்தச் சத்தத்தைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை.

"இப்ப எங்க புள்ள?"

"மாமியார் வீட்ல. கையில கட்டு. என்னைய வாசப்படி ஏற விடல. உங்கப்பன் ரத்தம் உனக்குள்ள ஓடுது, நீ புள்ளைய ஒருநாள் கொன்னுருவங்குறாங்க. அவரும் ஆமாங்குறாரு." அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க வேலை பாக்குற எடத்துல இதத்தான ஆராய்ச்சி பண்றாங்களாம். ரத்தத்தப் பாத்து ஒரு காகிதம் எழுதித் தரச் சொல்லுங்க."

"என்னன்னு எழுதச் சொல்ல?"

"அதான் தெரியல. ரத்தம் கெட்டதுன்னு வந்தா புள்ளையத் தர மாட்டாங்க. நல்லதுன்னு வந்தா, அப்ப நானே கெட்டவ."

டாக்டரம்மாவுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு பெரிய தாளை விரித்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அடித்தவர் என்றால் உள்ளே கறுப்பு. எலிக்காரர் தாத்தாவிலிருந்து ஆரம்பித்தார். தாழ்ப்பாள், உளி, முன்பல், கத்தி, கொக்கி. சதுரங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன.

"பொண்ணுங்க யாரும் அடிச்சதில்லையா?"

"பொண்ணுங்களா? இல்லம்மா. அத்தை ஒருத்தங்க இருந்தாங்க. மருமக மேல கொதிக்கிற தண்ணிய ஊத்தினாங்க. அது சும்மா பொம்பளக் கோபம்."

"ஓ, சும்மா." டாக்டரம்மா வட்டத்தையும் கறுப்பாக்கினார். "இந்தக் கடைசித் தம்பி?"

"அவன் ஒண்ணும் செய்யல. வேற வீட்ல வளந்தான். அவனைப் போடணுமா?"

"அவரத்தான் முதல்ல போடணும்." வெள்ளைச் சதுரம் ஒன்று விழுந்தது. "உங்க பொண்ணு கையில அந்தக் கோணல்?"

"படியில விழுந்தது" என்றார் எலிக்காரர்.

டாக்டரம்மா தமக்குத் தெரிந்த ஓர் ஆஸ்பத்திரியில் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அப்பா, மகள் இரண்டு பேர் ரத்தத்தையும் எடுக்க வைத்தார். ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரமும் எலிக்காரர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தார்: ரத்தத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்துவிட்டால் அந்த மணிக்கட்டை முறுக்கியது அவராக இருக்காது.

"வெளிநாட்டுல ஒரு குடும்பத்துல ஒரு குறையக் கண்டுபிடிச்சாங்க, அண்ணே," என்று டாக்டரம்மா தாளை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னார். "ஆம்பளைங்க பல பேருக்குக் கண் மண் தெரியாத வெறி. மூளையில சில ரசாயனத்த ஒடைக்கிற ஒரு பொருள் அவங்களுக்கு வேலையே செய்யல. ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா அது அம்மா வழியா மகனுக்கு வர்றது. அப்பாகிட்டேருந்து மகனுக்கு வரவே வராது. உங்க தாத்தா, உங்க அப்பா, நீங்க, இந்தக் கறுப்பு நேரா அப்பன் மகன்னு எறங்குது பாருங்க. இந்த வழியில அது வந்திருக்க முடியாது. உங்க அம்மா பக்கமா உங்களுக்கு வந்து, உங்ககிட்டேருந்து உங்க பொண்ணுக்குப் போயிருக்கலாம். அதுக்காகத்தான் ரத்தம் பாத்தோம். ரெண்டு பேருக்கும் இல்ல."

"அப்ப ரத்தத்துல ஒண்ணுமே இல்லயா?"

"ஒண்ணுமே இல்லன்னு சொல்ல மாட்டேன். முன்கோபத்துல பொறப்போட வர்ற பங்கு இருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, நூத்துக்கணக்குல சின்னச் சின்னதா. ஆனா சின்ன வயசுல அடி வாங்கின புள்ளைங்களப் பல வருஷம் தொடர்ந்து பாத்திருக்காங்க. அந்தப் பங்கு யார்கிட்ட தலை தூக்கும்னா, பெரும்பாலும் அடி வாங்கினவங்ககிட்டன்னு சில ஆராய்ச்சி சொல்லுது, சிலது அவ்வளவு உறுதியாச் சொல்லல. இவ புள்ளைய அடிப்பா, அடிக்க மாட்டான்னு காகிதம் எழுதச் சொன்னா, இங்க இருக்கிற எலிக்குக்கூட என்னால எழுதித் தர முடியாது."

எலிக்காரர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியின் வெள்ளைச் சதுரம் தனியாகத் தெரிந்தது. ஒரே தாய், ஒரே தகப்பன். வேறு வீடு.

"அந்தப் படி," என்றார். "எங்க வீட்ல படியே கிடையாதும்மா."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "அத எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றார் மெதுவாக.

மறுநாள் மத்தியானம் அப்பாவும் மகளும் சம்பந்தி வீட்டுக்குப் போனார்கள். சம்பந்தி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்னறையில் ஒரு நீள நாற்காலி, ஒரு மேஜை, மேஜைமேல் கனமான எவர்சில்வர் கூஜா, பக்கத்தில் தகரத் தாம்பாளம். மாமியாரின் பின்னால் குழந்தை, கழுத்திலிருந்து தொங்கும் கட்டோடு. இன்னொரு கையில் ஒரு பழைய துண்டு, அதன் முனை வாயில். மருமகன் பட்டறையிலிருந்து அப்படியே வந்திருந்தார், கையில் கிரீஸ்கூடக் கழுவவில்லை.

"காகிதம் எங்க?" என்றார் சம்பந்தி.

"காகிதம் தர மாட்டாங்க. நீங்க சொன்ன மாதிரி ரத்தத்துல இல்லன்னு சொல்லிட்டாங்க."

மாமியார் கையைத் தட்டினாள். "கேட்டுக்கடா! ரத்தமும் நல்ல ரத்தமாம். அப்ப பெத்த புள்ளைய ஒடிச்சது எந்தக் கை? இவ மனசு கொழுப்புதான?"

மகள் முகத்தில் ரத்தமே இல்லை. எலிக்காரர் எழுந்து நின்றார்.

"கொழுப்பு இல்ல சம்பந்தியம்மா. நான் கத்துக் குடுத்தது. அவளுக்கு நாலு வயசுல அவ மணிக்கட்ட நான்தான் முறுக்கி ஒடிச்சேன். ஒரு அளவு நாடாவுக்காக. படியில விழுந்தான்னு அவங்கம்மா பொய் சொன்னா, நான் வாய மூடிட்டு இருந்தேன். ரத்தம் ரத்தம்னு நானும் இத்தன வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

மகள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். எலிக்காரர் தம்மை அறியாமல் எண்ணத் தொடங்கியிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது நொடியில் கூஜா அவர் நெற்றியில் இறங்கியது. தண்ணீரும் ரத்தமும் ஒன்றாகக் கண்ணில் வழிந்தது.

"இருபத்தாறு வருஷம்!" என்று கத்தினாள். "படி ஏறும்போதெல்லாம் சுவத்தப் புடிச்சுட்டு ஏறுறேன் நான்! ஒவ்வொரு படியிலயும்!"

இரண்டாவது அடி தோளில். அவர் கையைத் தூக்கவில்லை. மூன்றாவது அடிக்கு அவள் கூஜாவை ஓங்கியபோது குழந்தை வீறிட்டது. மருமகன் பாய்ந்தார். தடுக்க வந்தாரா, அடிக்க வந்தாரா, அவருக்கே தெரிந்திருக்காது. வந்த வேகத்தில் இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனர் கையில் இருந்தது.

"என் வீட்டுக்குள்ள வந்து... கொன்னுருவேன்டி!"

நடுவில் கை விடக் கூடாது. எலிக்காரர் மேஜையிலிருந்த தாம்பாளத்தைப் பிடுங்கி மகளுக்கும் மருமகனுக்கும் நடுவில் செங்குத்தாக இறக்கினார். ஸ்பேனர் தகரத்தில் பட்டு வழுக்கி, அதைப் பிடித்திருந்த முன்கையில் விழுந்தது.

காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம்.

அந்த அறையில் மூன்று பேருக்கு அந்தச் சத்தம் பழக்கம். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. மருமகன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, "மாமா, நான் வேணும்னு..." என்று திக்கினார். மகள் மட்டும் கூஜாவை இறக்கவில்லை. ஓங்கின கை ஓங்கினபடியே நின்றது. எலிக்காரர் நல்ல கையால் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு, இப்போது வாய்விட்டே எண்ணினார், டப்பா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவது போல, "பதினொண்ணு. பன்னெண்டு. பதிமூணு." யாரும் அசையவில்லை. முப்பத்தெட்டில் கூஜா மேஜைக்குத் திரும்பியது.

சம்பந்தி கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து மேஜையில் வைத்தார். "இந்த வீட்லயும் ஒண்ணும் கொறைச்சல் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு," என்றார், மகன் பக்கம் திரும்பாமல். "சனிக்கிழமை சனிக்கிழமை வரட்டும். ரெண்டு மணி நேரம், இந்த அறையில. நீங்களும் கூட உக்காரணும் சம்பந்தி."

"உக்காருறேன்."

"மொதல்ல கையக் கட்டிட்டு வாங்க."

ஆஸ்பத்திரியில் எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். மகள் வாயைத் திறந்தாள். எலிக்காரர் முந்திக்கொண்டு, "மருமகன் அடிச்சது. அதுக்கு முன்னாடி மக அடிச்சா. எல்லாத்துக்கும் முன்னாடி நான் அடிச்சேன். எழுதிக்கோங்க," என்றார்.

அதன்பிறகு அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டதில்லை. "வாங்க", "போங்க", "சாப்பிட்டீங்களா", அவ்வளவுதான். அவரும் எதிர்பார்க்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் நீள நாற்காலியின் ஓரத்தில் கட்டுப் போட்ட கையோடு போய் உட்கார்ந்தார். எட்டாவது வாரத்தில் மாமியாரே, "பகல் பொழுது அவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, வெளிச்சத்தோட கொண்டுவந்து விட்டுடணும்," என்றாள். குழந்தையைக் குளிப்பாட்டிப் புதுச் சட்டை போட்டிருந்தாள்; பையில் எல்லாமே துவைத்து மடித்தது.

எலிக்காரர் பையைத் திறந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். "அந்தப் பழைய துண்டு எங்க?"

"அதுவா? நாத்தம் அடிக்குது. ஊற வைக்கப் போட்டிருக்கேன்."

"நனைச்சிட்டீங்களா?"

"இன்னும் தண்ணி ஊத்தல, வாளியிலதான் கெடக்கு. ஏன்?"

"குடுங்க. நாறட்டும். அதுதான் வேணும்."

"எலியோட இருந்து இருந்து புத்தியும் எலிப் புத்தி ஆயிருச்சு," என்று முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தாள்.

குழந்தை துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குள் நுழைந்தது. சுவர் ஓரமாகவே சுற்றியது. கட்டிலை மோந்து பார்த்தது. ஒரு மணி நேரம் கழித்துத் தையல் மிஷின் பக்கம் போய், நூல்கண்டை எடுத்து ஓர் இழு இழுத்தது. மிஷினில் மாட்டியிருந்த ஊசி டக்கென்று ஒடிந்தது.

மகள் திரும்பினாள். அவள் கை முன்னால் வந்தது, பிறகு பின்னால் போயிற்று. ஒரு கை இன்னொரு கையின் கோணல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"ஒண்ணு," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "ரெண்டு. மூணு."

குழந்தைக்கு விளையாட்டு என்று தோன்றியிருக்க வேண்டும். "அஞ்சு, ஏழு, ரெண்டு," என்றது.

"நாலு."

"பத்து!"

அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். சமையலறை வாசலில் எலிக்காரர் நல்ல கையில் ஒரு தட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவள் அறுபதைத் தாண்டிய பிறகும் அதைக் கீழே வைக்கவில்லை.